தனகோட்டி போட்ட பிரேக்

புதன்கிழமை காலை வில்லியனூர் பக்கமிருந்து வந்த பஸ் எங்கள் பட்டறை எதிரில் நின்றது. கண்டக்டர் படியில் நின்றபடியே, "உங்க தனகோட்டி பூட்டாருப்பா, நெஞ்சு வலியாம்" என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு விசில் ஊதினார். என் கையில் ஸ்பேனர் இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அடுத்த பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். அது இன்னும் கையிலேயே இருப்பதை வில்லியனூரில் இறங்கும்போதுதான் கவனித்தேன்.

எடுக்கும் நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். தெருவில் போன ஒருவர், "யாரு, பிரேக் போட்டு ஆளக் கொன்னாரே, அந்தத் தனகோட்டியா?" என்று கேட்டார். தனகோட்டியின் மனைவி அஞ்சலை காதில் அது விழுந்தது. தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது போலிருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். திருபுவனை பட்டறைக்காரர்களே, லாரிக்காரர்களே, அவரை அறிந்தவர்களே, கடைசி வரை படியுங்கள். அப்புறம் காறித் துப்புவதென்றால் துப்புங்கள்.

அவரும் நானும் திருபுவனையில், விழுப்புரம் ரோட்டில் ஒரே பட்டறையில் வேலை செய்தோம். அவருக்கு பிரேக், எனக்கு கியர். தான் பிரேக் போட்ட லாரியின் முதல் ஓட்டத்தில் டிரைவர் பக்கத்தில் தானே ஏறி உட்காருவது அவர் வழக்கம். "பிரேக் போட்டவன் மொதல்ல ஒக்காரணும்டா கோவாலு. வுழுந்தா அவன் வுழுவட்டும்" என்பார். நான் கியர் போட்ட எந்த லாரியிலும் உட்கார்ந்ததில்லை. கியர் போனால் வண்டி நிற்கும், அவ்வளவுதானே என்று எனக்கு ஒரு திமிர்.

ஒரு அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றும் லாரி ஒன்று வந்தது. அவர் பிரேக் பார்த்தார், நான் கியர் பெட்டியைப் பிரித்தேன். போட்ட கியர் தானாகக் கழன்றுவிடாமல் பிடித்து வைக்க உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் உண்டு. அது தளர்ந்திருந்தது. புதுசு வேண்டுமென்றால் விழுப்புரம் போக வேண்டும். லாரி முதலாளியோ வாசலில் நின்று குதிக்கிறார். இந்த அறுப்புக்குத் தாங்கும் என்று பழையதையே மாட்டி மூடிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

தனகோட்டி ஏறிப்போன முதல் ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள், பாகூர் ஏரிக்கரையிலிருந்து பாரத்தோடு இறங்கிய அந்த லாரி நிற்காமல் ஓடிப் பனைமரத்தில் மோதிக் கவிழ்ந்தது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்த லோடுமேன் அங்கேயே செத்துப்போனார். "பிரேக் புடிக்கலண்ணே" என்று டிரைவர் அழுதார். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. லாரியைத் தூக்கப் போனவர்களோடு நானும் போயிருந்தேன். முதலில் உள்ளே ஏறியவன் நான்தான். கியர் கம்பி எந்தக் கியரிலும் இல்லாமல் நடுவில் தொளதொளவென்று நின்றது. சரிவில் கியர் கழன்றிருக்கிறது. அத்தனை பாரமும் பிரேக் ஒன்றின் தலையில் இறங்கியிருக்கிறது. வாயை மூடிக்கொண்டு இறங்கிவிட்டேன். லாரி பட்டறைக்கு வந்ததும் யாரும் பார்க்காதபோது ஸ்பிரிங்கை மாற்றினேன். பழையதை ஒரு டப்பாவில் போட்டு ஒளித்தேன்.

"பிரேக் கட்டையில அந்த ரிவிட்டெல்லாம் சரியாத்தான அடிச்சேன் கோவாலு? நீ பாத்தியே" என்று தனகோட்டி கேட்டுக்கொண்டே இருந்தார். "அடிச்சீங்கண்ணே" என்பேன். அவர் பட்டறையை விட்டுப் போய், வில்லியனூரில் ஸ்டவ்வும் டார்ச் லைட்டும் ரிப்பேர் செய்து பிழைத்தார். லாரி ஹாரன் கேட்டாலே முகம் சுருங்கிவிடும். என் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பத்து வருஷம் கழித்து, ஒரு ரிப்பேருக்குத் துணையாக வரச்சொல்லி எனக்கு ஆள் அனுப்பினார். வில்லியனூர் ஜவுளிக்கடை முதலாளியின் மருமகன் பிரான்சிலிருந்து ரிமோட்டில் ஓடும் பொம்மை லாரி ஒன்று கொண்டுவந்திருந்தார். கடை மேசை மேல் அது துணியைச் சுமந்து ஓடுவதைப் பார்க்கவே கூட்டம் வருமாம். இப்போது நிறுத்தினால் நிற்காமல் மேசையிலிருந்து குப்புற விழுகிறது. "பிரேக்குதான் தனகோட்டி, வேற இன்னா?" என்றார் முதலாளி.

தனகோட்டி ஒரு பலகையைச் சாய்த்து, லாரியில் எடைக்கல்லை ஏற்றி, ரிமோட்டை என்னிடம் கொடுத்து, "பிரேக் புடி" என்றார். பிடித்தேன். லாரி கடகடவென்று இறங்கி என் காலில் மோதியது. மூடியைக் கழற்றினார். உள்ளே நாலணாக் காசு அளவில் ஒரு தட்டு. பிரேக் பிடித்தால் இரண்டு கட்டைகள் அதைக் கவ்வுகின்றன. மறுபடி பிடிக்கச் சொன்னார். தட்டு அசையவில்லை. சக்கரத்தை விரலால் தள்ளினார், அது மட்டும் சுற்றியது. தட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருந்த பல்சக்கரம் தண்டில் வழுக்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருக்க வேண்டிய குண்டூசித் தலை அளவு ஸ்குரு தளர்ந்திருந்தது.

"பிரேக்கு நல்லாத்தான் புடிக்குது மொதலாளி. புடிச்சது சக்கரத்துக்குப் போய்ச் சேரல. கோளாறு கியர்ல."

"எனக்கு இன்னாப்பா தெரியும்? நிக்கலன்னா பிரேக்குன்னுதான சொல்லுவோம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் தனகோட்டி. குரலில் கோபம்கூட இல்லை.

ஸ்குருவை முடுக்கி, மறுபடி கழலாமலிருக்க முதலாளி வீட்டு நகச்சாயத்தில் ஒரு சொட்டு வைத்தார். இந்த முறை லாரி பாதிச் சரிவில் நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நின்னுடுச்சு பாத்தியா? என் கையி கெட்டுப்போவலடா கோவாலு" என்றார். கண் கலங்கியிருந்தது.

"அண்ணே" என்றேன்.

"இன்னாடா?"

"ஒண்ணுமில்லண்ணே. டீ சொல்லட்டுமா?"

அடப்பாவி! டீ! அதற்கப்புறமும் அவர் மூன்று வருஷம் உயிரோடு இருந்தார்.

கருமாதி முடிந்த மறுநாள், ஒளித்து வைத்திருந்த ஸ்பிரிங்கை எடுத்துக்கொண்டு அஞ்சலையிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "தூக்கத்துல ரிவிட்டு எண்ணுவாரு. ஒண்ணு வுட்டுட்டேனா, ஒண்ணு வுட்டுட்டேனான்னு" என்றார். அதை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "அவரு உசுரோட இருக்கசொல்ல சொல்லியிருக்கலாமே கோவாலு" என்றார். திட்டியிருந்தால் தேவலை. ஸ்பிரிங்கை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

தனகோட்டியின் நினைவாக எனக்கு மிஞ்சியது இந்த ஸ்பிரிங்தான். பட்டறை மேசை மேல் வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் வந்து அமுக்கிப் பார்க்கலாம். இதற்கு மேல் அவருக்கு நான் செய்ய எதுவுமில்லை. நீங்கள் செய்ய ஒன்று இருக்கிறது. அந்த லாரியைப் பற்றி இனி யாராவது பேசினால் அவர் பெயரைச் சொல்லாதீர்கள். என் பெயரைச் சொல்லுங்கள்.