வாய்மொழித் தேர்வில் நான் போட்ட பெயில்

கணக்குப்பதிவில் எனக்குச் சான்றிதழ் கிடைத்தது எழுபது வயதைத் தாண்டிய பிறகு. பரீட்சை எழுதிக் கிடைத்ததல்ல. மற்றவர்களைப் பரீட்சிக்கிறவரிடம் ஒரு தகுதி இருக்க வேண்டுமே என்பதற்காக, தேர்வு நடந்த அன்று காலையில் அச்சடித்துக் கையில் தந்தார்கள். பெருவிரல் பட்ட இடத்தில் என் பெயர் கொஞ்சம் அழிந்துவிட்டது.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் அந்தத் தனியார் நிறுவனம் இருந்தது. கணினி, ஆங்கிலம், அழகுக்கலை, கணக்குப்பதிவு எல்லாம் ஒரே அறையில் வெவ்வேறு கிழமைகளில் நடக்கும். அழகுக்கலைக்காரர்களின் கண்ணாடிகள் சுவரை விட்டு இறங்குவதில்லை. ஆகவே கணக்குப் படிக்கிறவர்கள் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வரவு செலவு எழுதினார்கள். என்னை வேலைக்குப் பிடித்த இயக்குநருக்கு என் மகனின் வயது இருக்கும்.

"தோட்டத்துல பெரிய கிளாக்கரா இருந்தவரு, இங்கிலீஷும் பேசுவீங்க. சேர்கிட்ட கோட்டு இருக்கா?"

"இருக்கு."

"அப்ப போதும்."

"என்கிட்ட சர்டிபிகேட் ஒண்ணும் இல்லையே தம்பி."

"அது நம்ம அடிக்கிறதுதானே சேர்."

நான் கிளாக்கரான கதையும் இதைவிடக் கௌரவமானதல்ல. என் தகப்பனார் அதே தேயிலைத் தோட்டத்து ஒபீசில் கிளாக்கர். பள்ளிக்கூடம் முடிந்ததும் என்னைத் தோட்ட நிர்வாகியான துரையின் முன் கொண்டுபோய் நிறுத்தினார். துரை என் சப்பாத்தைப் பார்த்தார். ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதச் சொன்னார். கையெழுத்து அழகாக இருந்தது. அடுத்த வாரம் நான் மேசைக்கு உள்பக்கம். லயங்களில் குடியிருந்த தொழிலாளிகள் ஜன்னலுக்கு வெளியே மழையில் நின்று பேசுவார்கள், நாங்கள் உள்ளே உட்கார்ந்து பதில் சொல்வோம். என் உத்தியோக காலம் முழுவதும் என் புத்தகங்கள் சமப்படாமல் போனதே இல்லை. முடிவில் என்ன தொகை வர வேண்டும் என்பதைத் துரை முதலிலேயே சொல்லிவிடுவார். மீதியை நான் பார்த்துக்கொள்வேன்.

இப்படிப்பட்ட ஆள் கோட்டு மாட்டிக்கொண்டு வாய்மொழித் தேர்வு நடத்தினேன். எழுத்துப் பரீட்சையில் தேறியவர்களிடம் 'நடைமுறை அறிவு' இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. கேள்விகளையும் நானே எழுதிக் கொடுத்திருந்தேன். முதலில் வந்தவன் கீழ்க்கடை முதலாளியின் மகன். எதைக் கேட்டாலும் "அத சொஃப்ட்வெயார் பாத்துக்கும் சேர்" என்றான். பாஸ் போட்டேன். மாடி அவனுடைய அப்பாவுடையது.

அடுத்து வந்தவள் நமுனுகுல பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. எழுத்துப் பரீட்சையில் அவளுக்குத்தான் அதிகப் புள்ளி. நான் சொல்லும் முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்டேன்.

"பண்டாரவளையில ஒரு ஹார்ட்வெயார் கடையில கணக்கெழுத ஆள் கேக்குறாங்க சேர். சர்டிபிகேட்டோட வந்தா வேலைன்னு கடை மொதலாளி ஹாஜியார் சொல்லியிருக்காரு. இல்லாட்டி கொழும்புல ஒரு வீட்டுல புள்ள பாக்கப் போகணும். அம்மா பேசி வெச்சிருக்காங்க."

ஒபீஸ் வேலைக்குப் புதிதாக வந்த பையன்களிடம் நான் அந்தக் காலத்தில் வழக்கமாகக் கேட்ட கேள்வியை அவளிடமும் கேட்டேன். இரண்டு தொழிலாளிகள் துரையின் பங்களாவில் பூந்தோட்டம் கொத்துகிறார்கள். அவர்களைத் தேயிலை மலையில் புல்லு வெட்டியதாகப் போடு என்கிறார் துரை. யார் எங்கே வேலை செய்தார்கள் என்று தினமும் பதியும் செக்ரோலில் நீ எப்படி எழுதுவாய்?

"பங்களான்னுதான் எழுதுவேன்."

"தொர கோவிச்சுக்கிட்டா?"

"கோவிச்சுக்கட்டுங்க சேர். எங்க அப்பா பங்களாவுல மரக்கெளை வெட்ட ஏறி விழுந்தாரு. அன்னிக்கி அவரு மலையில புல்லு வெட்டுனதா செக்ரோல்ல இருந்துச்சு. மலையில நின்னவன் பங்களாவுல எப்படி விழுவான்னு கேட்டு, நட்டஈடு கெடையாதுன்னுட்டாங்க. அப்பறம் அப்பா நிமிந்து நடக்கவே இல்ல."

எந்தத் தோட்டம் என்று நான் கேட்கவில்லை. மரமும் தெரியும், மனிதரையும் தெரியும். பங்களாச் செலவு தோட்டத்தின் சொந்தக்காரரான கொழும்புக் கம்பனியின் கண்ணில் படாமல் இருக்கப் பங்களா ஆட்களை மலைக் கணக்கில் ஏற்றுவது எங்கள் ஒபீசின் அன்றாட வழக்கம். அன்றைக்கும் காலையிலேயே ஏற்றிவிட்டேன். அவர் விழுந்தது மத்தியானம். எழுதியதை மாற்றினால் துரைக்குச் சங்கடம் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தாள். நான் இன்னொரு கேள்வி கேட்காமலே 'நடைமுறை அறிவு போதாது' என்று எழுதிப் பெயில் போட்டேன். கையெழுத்து வழக்கம்போல அழகாக விழுந்தது.

மூன்றாம் நாள் இயக்குநரிடம் போய், அந்தப் பிள்ளைக்கு நான் போட்டது தப்பு, மாற்ற வேண்டும் என்றேன்.

"மாத்தினா சேரோட பேருதானே கெடும்? சர்டிபிகேட் வேற குடுத்திருக்கோம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பெயிலானவங்க திரும்பவும் காசு கட்டுவாங்க சேர். பாஸானவங்களால நமக்கு என்ன பிரயோசனம்?" என்றார்.

அவர் இளைஞர், வியாபாரம் தெரிந்தவர். 'பேருதானே கெடும்' என்றாரே, அந்தச் சொல்லுக்கே பயந்து நான் எழுந்து வந்துவிட்டேன். வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை.

அடுத்த நாள் நமுனுகுல பஸ் ஏறினேன். வேலையில் இருந்த காலத்தில் லயத்துக்குள் நான் கால் வைத்ததில்லை. காரியம் இருந்தால் அவர்கள்தான் ஜன்னலுக்கு வருவார்கள். வாசலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவளுடைய தகப்பன் என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்து, முடியாமல், கையை மட்டும் கூப்பினார்.

"வாங்க பெரிய ஐயா! புள்ள, நம்ம ஒபீசு ஐயா வந்திருக்காரு, கதிரையக் கொண்டா."

அவள் கதிரையோடு வந்தாள். என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"ஒபீசு ஐயான்னா? அந்த செக்ரோல் எழுதுன ஐயாவா?"

"ஐயா என்னம்மா செய்வாரு. தொர சொல்லியிருப்பாரு" என்றார் தகப்பன்.

"தொர சொன்னா நீங்க மலையில போயி விழுந்துருவீங்களாப்பா?" கதிரையைத் தரையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அப்ப பெயில் போட்டது நியாயந்தான் சேர். உங்க கணக்குப்படி நான் சொன்னது தப்புதானே?"

"நீ சொன்னதுதாம்மா சரி."

"சரியான பதிலுக்குப் பெயிலா? சரி, அத விடுங்க. பாஸாக என்ன சொல்லணும்? அதையாவது சொல்லிட்டுப் போங்க. மறுபடி எழுதத்தானே போறேன்."

அடுத்த தேர்வுக்கு வேறொருவர் வருவார் என்று இயக்குநர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவரும் பக்கத்துத் தோட்டத்தில் என்னைப்போல இருந்தவர். கேள்விகள் மாறாது, புதிதாக எழுதினால் அதற்குக் கூலி கொடுக்க வேண்டும்.

"தொரகிட்ட கேட்டு, அவரு சொல்றபடி போடுவேன்னு சொல்லும்மா" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் சிரித்துவிட்டாள். "இதத் தெரிஞ்சுக்கவா சேர் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் பஸ்ஸுல இடிபட்டு வந்தேன்? எங்க கங்காணிகிட்ட கேட்டிருந்தா சும்மாவே சொல்லிக்குடுத்திருப்பாரே."

தகப்பன் அவளை அதட்டினார், எனக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். ஊற்றிக் கொடுத்தாள். நான் வந்த வேலை மன்னிப்புக் கேட்பது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, இஞ்சி போட்டிருக்கிறதா என்று விசாரித்துவிட்டு இறங்கினேன்.

அந்தக் கேள்வியையே எடுத்துவிடும்படி இயக்குநரிடம் சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய்ப் பதிவு. தோன்றியது. ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்பார், காரணம் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்து, ஒரு பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்கிவிடுவது சுலபம் என்று கண்டேன்.

ஹாஜியார் மாதக் கடைசிவரை பார்த்துவிட்டு வேறொரு பையனை வைத்துக்கொண்டார். அவள் கொழும்புக்குப் போனாள். யாரோ ஒருவரின் குழந்தையைக் குளிப்பாட்டிச் சோறூட்டிக்கொண்டு ஆறு மாதம் இருந்தாள். தேர்வுக்கு லீவு கேட்டு வந்தாள்.

அன்று பின்னேரம் இயக்குநர் தொலைபேசியில் அழைத்தார்.

"சேர் பெயில் போட்ட புள்ள இந்தத் தடவ பாஸ். புதுசா வந்த சேர் ரொம்பப் புகழ்ந்தாரு. மேலிடத்த அனுசரிச்சுப் போற புள்ள, நல்லா முன்னுக்கு வரும்னாரு."

"சந்தோசம்" என்றேன்.

ஹாஜியார் வைத்த பையன் நிலைக்கவில்லை. இப்போது அவள்தான் அந்தக் கடையின் கணக்கு மேசையில் இருக்கிறாள். போன மாதம் பண்டாரவளைக்குப் போனபோது எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். உள்ளே போகவில்லை. ஹாஜியார் ஏதோ ஒரு பில்லைக் காட்டி விரலால் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர் என்கிறார்கள், நியாயமான காரியமாகத்தான் இருக்கும். அவள் பேனையைப் பிடித்தபடி அவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினாள், பிறகு எழுதினாள். என்ன எழுதினாள் என்று அங்கிருந்து தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் எனக்குத் துணிவில்லை.