ஹேமந்தின் ஹார்டு டிஸ்க்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. செங்கல்பட்டில், ரயில் போகிற சத்தம் கேட்கும் ஒரு வாடகை வீட்டில், பட்டப்பகலில் நடந்தது. அதை அனுபவித்த ஆனந்தன் கதை கட்டுகிற ஆள் இல்லை. மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறவன். பேய் என்றாலே சிரித்தவன்.

வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டர் அவன் மச்சினன் ஹேமந்துடையது. ஆன் செய்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு மெதுவு. ஒருவழியாகப் புதுசு வாங்கினான். பழசின் ஹார்டு டிஸ்க் மட்டும் நன்றாக ஓடியது. நல்ல பொருளை எதற்குத் தூக்கிப் போடுவது? போட்டோ வைக்க ஆகுமே என்று புதுசிலேயே இரண்டாவது டிஸ்க்காக மாட்டினான்.

அவன் மனைவி தமிழ்ச்செல்விக்கு மனசு கேட்கவில்லை. "தம்பி புடிச்ச போட்டோ எல்லாம் அதுலதான் கீது. அழிச்சிடப் போறீங்க."

"எல்லாத்தையும் பென் டிரைவுல ஏத்திட்டேன் செல்வி. பயப்படாத."

ஏற்றித்தான் இருந்தான். அதன் பிறகுதான் டிஸ்க்கை ஃபார்மேட் செய்தான். துடைத்து வைத்த மாதிரி மொத்தமும் காலி. அதில் மகள் ஸ்ரீதேவியின் படங்களைப் போட்டான். அவற்றை மட்டும்தான்.

ஹேமந்த் ஒரு போட்டோ பைத்தியம். அக்கா கல்யாணத்துக்கு முன்பே, கூட்டாளிகளோடு மாமல்லபுரம் போன இடத்தில் கடல் அவனைக் கொண்டுபோய்விட்டது. மறுநாள் உடல் ஒதுங்கியது. கேமரா கிடைக்கவே இல்லை. அன்றிலிருந்து தமிழ்ச்செல்வி கடற்கரைப் பக்கம் போனதில்லை. இப்போது நாலு வயது ஸ்ரீதேவி, கடல் பார்க்கணும் என்று ஒரே அழுகை. கடைசியில் தமிழ்ச்செல்வியும் மனசைத் தேற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றாள். குழந்தைக்குப் புதுசாக ஒரு மஞ்சள் கவுனும் எடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். ஆனந்தன் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தான். தமிழ்ச்செல்வி குழந்தையை ஸ்கூலிலிருந்து கூட்டிவரப் போயிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

கிர்ர்ர்... டக்.

கண் விழித்தான்.

கிர்ர்ர்... டக்... கிர்ர்ர்... டக்.

பழைய டிஸ்க்தான். எதையோ எழுதிக்கொண்டிருந்தது. அவன் எதையும் காப்பி செய்யவில்லை. எழுந்து போய் மவுஸை அசைத்தான். ஸ்ரீதேவியின் படங்களுக்கு நடுவில் புதிதாக ஒரு படம்.

அலை. வெறும் அலை.

ஹேமந்த் எடுத்த ஏதோ ஒன்று அழியாமல் தங்கிவிட்டது என்று நினைத்தான். தேதியைப் பார்த்தான்.

இன்றைய தேதி.

கிர்ர்ர்... டக்.

இன்னொரு படம். இது தண்ணீருக்குள்ளிருந்து கரையைப் பார்த்து எடுத்தது. பாதிப் படம் தண்ணீர். தூரத்தில் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் கோபுரம் சின்னதாக. கரையில் ஒரு புள்ளி மாதிரி யாரோ.

கிர்ர்ர்... டக்.

கோபுரம் பெரிதாகியிருந்தது. புள்ளியும்தான். எடுத்தவன் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

கரையில் நின்றது ஒரு குழந்தை. மஞ்சள் கவுன்.

ஆனந்தன் திரும்பிப் பார்த்தான். கட்டில்மேல் ஜவுளிக்கடைப் பை. கவுன் அதற்குள்ளேயே இருந்தது. மடிப்புக்கூடக் கலையவில்லை.

டக்.

ஸ்ரீதேவியேதான். முழங்கால் அளவு தண்ணீரில். சிரித்துக்கொண்டு.

டக்.

இடுப்பளவு.

டக்...

கை மட்டும். படம் எடுத்தவனை நோக்கி நீட்டிய... சின்னக் கை.

வயரைப் பிடுங்கி எறிந்தான்.

சத்தம் நின்றது.

வாசலில் செருப்புச் சத்தம். தமிழ்ச்செல்வி குழந்தையோடு உள்ளே வந்தாள். அவன் மகளை வாரி அணைத்துக்கொண்டான். உடம்பு நடுங்கியது.

"இன்னாங்க, ஜுரமா?"

"ஞாயித்துக்கெழம எங்கயும் போவல."

"நானே மனச தேத்திகினு கெளம்புறேன், நீங்க இன்னா..."

"போவல செல்வி. அவ்ளோதான்."

காரணம் சொல்லவில்லை. அவள் இரண்டு நாள் பேசவில்லை. டிஸ்க்கைக் கழற்றித் துணியில் சுற்றிப் பரணில் போட்டான். இன்றுவரை அவன் அதைத் தொடவில்லை.

ஆறு மாதம் கழித்து, திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாணம். அங்கே கலையரசனைப் பார்த்தான். அன்றைக்கு ஹேமந்தோடு கடலுக்குப் போன கூட்டாளிகளில் ஒருவன். பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பேச்சு அங்கேதான் போய் நின்றது.

"நீச்சல் தெரியாதவன் ஏம்பா எறங்குனான்?"

கலையரசன் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எறங்கலியே அண்ணாத்த. மணல்லதான் குந்திகினு இருந்தான். திடீர்னு எழுந்து ஓடுனான். 'தண்ணிக்குள்ளேர்ந்து ஒரு கொயந்த மாமா, மாமான்னு கூப்புடுதுடா'ன்னான். நாங்களும் பாத்தோம். அங்க ஒரு கொயந்தயும் இல்ல."

ஆனந்தன் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது.

ஹேமந்துக்கு ஒரே ஒரு அக்கா. அவளுக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. அவனை மாமா என்று கூப்பிட வேண்டியவள் பிறந்தது... அதற்கு மூன்று வருஷம் கழித்து.