வீடியோ கஜேந்திரனும் என் மூன்றாவது ரவுண்டும்

வீடியோ கஜேந்திரன் போய்விட்டார். நேற்று மதியம் பட்டினப்பாக்கம் வீட்டில் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம்.

தொண்ணூறுகளில் மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் கல்யாணம் செய்துகொண்ட பலருடைய அலமாரியில் அவர் எடுத்த கேசட் இருக்கும். போட்டுப் பார்க்க மெஷின்தான் இருக்காது.

நல்ல மனிதர், யார் வம்புக்கும் போகாதவர் என்று மற்றவர்கள் எழுதுவார்கள். எல்லாம் உண்மை. நான் அவருக்குச் செய்த ஒரு காரியத்தை எழுத வேண்டியிருக்கிறது...

அப்போது என்னிடம் ஒரு மாருதி 800 இருந்தது. நான் ரேஸ் டிரைவர் என்று எனக்கு ஓர் எண்ணம். காருக்கு அப்படி எந்த எண்ணமும் இல்லை.

ஊருக்கு வெளியே இருந்த ரேஸ் டிராக்கில் எங்கள் கார் கிளப்புக்கு மாதம் ஒரு ஞாயிறு. ஹெல்மெட் போட்டுக்கொண்டு சொந்தக் காரில் சுற்றலாம். அதற்குப் பெயர் டிராக் டே. கேபிள் டிவியில் வெளிநாட்டு ரேஸில் காருக்குள்ளிருந்து எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, என்னையும் அப்படி எடுக்க வேண்டும் என்று கஜேந்திரனிடம் போனேன். என் அக்கா கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவர்.

"கார் உள்ளவா? பொண்ணு மாப்ள யாரு சார்?" என்றார்.

யாரும் இல்லை, ரோடுதான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்துவந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

இடது பக்க முன் சீட்டைக் கழற்றினார். அந்த போல்ட் ஓட்டைகளிலேயே ஒரு பிளைவுட் பலகையை முடுக்கி, அதன் மேல் மரப்பெட்டி, அதன் மேல் ஹவாய் செருப்பை வெட்டி இரண்டு அடுக்கு ரப்பர். தோளில் தூக்கி எடுக்கும் அந்தப் பெரிய கேமராவை அதில் உட்காரவைத்து, சைக்கிள் டியூபைப் பட்டையாக அறுத்து நாலு முடிச்சு.

ஆட்டோ ஃபோகஸை அணைத்தார். விட்டால் அது ரோட்டை விட்டுவிட்டுக் கண்ணாடித் தூசியை எடுக்குமாம். மைக்கில் பஞ்சு. முடிச்சு ஒவ்வொன்றும் ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி போட்டு, எப்படி என்று எனக்கும் காட்டினார். ஏதாவது ஆனால் நான் சீக்கிரம் வெளியே வர வேண்டுமே என்று.

கேமராவை ஏற்றுவதற்கு முன் அதே முடிச்சுகளில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கட்டி, அபிராமபுரத்தின் எல்லா ஸ்பீட் பிரேக்கர்களிலும் என்னை ஏறி இறங்கவைத்தார். சொம்பு அசையவில்லை. நான் நனைந்தேன்.

முதல் மாதக் கேசட்டில் நாதஸ்வரம். ஒவ்வொரு வளைவும் ஒரு ரோஜாப்பூவுக்குள்ளிருந்து விரிந்தது. பழக்கதோஷம் என்றார்.

கிளப்பில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அடுத்த சீசனிலிருந்து எல்லார் காரிலும் கேமரா, வேலை கஜேந்திரனுக்கு என்று செயலாளர் சொன்னார். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, வீடியோக்காரருக்கு வேலையும் கிடையாது. அந்த மாதங்களுக்கு இது ஆகும் என்று நம்பி, ஆறு பலகை அறுத்து வைத்திருந்தார்.

இரண்டாவது மாதம், மூன்றாவது ரவுண்டு. நேர்ப்பாதை முடிவில் பிரேக் போட வேண்டிய இடத்தில் நான் போடவில்லை. அப்புறம் போட்டேன்... கார் இரண்டு சுற்றுச் சுற்றிப் புல்லில் இறங்கி, டயர்ச் சுவரில் இடித்து நின்றது. எனக்கு ஒரு கீறல் இல்லை.

கிளப் ஆட்கள் ஓடிவர ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் நாலு முடிச்சையும் இழுத்துவிட்டு, கேமராவை என் காலடியில் தள்ளினேன்.

கேமரா கழன்று பெடல் மேல் விழுந்துவிட்டது என்று செயலாளரிடம் சொன்னேன்.

"கல்யாண மண்டபம்னு நெனச்சியாய்யா? ஆள் செத்திருந்தா?" என்று அத்தனை பேர் முன்னால் அவர், கேமரா கட்ட வந்திருந்த கஜேந்திரனைக் கேட்டார். கஜேந்திரன் பெட்டியைப் பார்த்தார், டியூபைப் பார்த்தார். சாரி சார் என்றார்.

இனி காருக்குள் கேமரா கூடாது என்று அங்கேயே முடிவாயிற்று. நான் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு உறைக்காத ஒன்று... கேமரா அத்தனை நேரமும் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கேசட்டோடு வீட்டுக்கு வந்தார்.

"கடசில கொஞ்சம் அசிங்கமா இருந்திச்சு சார், எடுத்துட்டேன். பந்தில சம்மந்தி சண்ட போட்டா கேசட்ல வெக்க மாட்டோம்ல... அத்த மாரி."

பார்த்திருக்கிறார். லென்ஸுக்குக் குறுக்கே போன என் கையை, முடிச்சு முடிச்சாக.

நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஒரிஜினல் எங்கே என்று கேட்டேன்.

"அது மேலயே திருவான்மியூர்ல ஒரு காதுகுத்து எடுத்துட்டேன். நீங்க கவலப்படாதீங்க சார்."

கவலைப்படவில்லை. நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். நேர்ப்பாதை முடிகிற இடத்தில் கூப்பிய இரண்டு கைகள். வருகைக்கு நன்றி.

அதன் பிறகு லஸ் பக்கம் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். அவர் கண்டால் கையைத் தூக்குவார்.

இன்று பூமாலையோடு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அடையாளம் கண்டுகொண்டார்.

"கார் சார்தானே? அவரு கட்டுனது எதுவும் கயண்டதே இல்ல சார், உங்க கார்ல அந்த ஒரு தபாதான். எங்க தப்பு பண்ணேன்னே தெர்லன்னு சொல்லிகினே இருப்பாரு."

வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்... நான் தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

கிளப் நண்பர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். அவர் கட்டியதில் ஒரு தப்பும் இல்லை. அவிழ்த்தது நான்.

அந்த அம்மாவுக்கு முகநூல் கிடையாது. அந்த தைரியத்தில்தான் தெருமுனையில் நின்று இதை டைப் செய்துகொண்டிருக்கிறேன். நாலு மணிக்கு எடுக்கிறார்கள். உள்ளே போய்ச் சொல்ல இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது.

போய்வாருங்கள், கஜேந்திரன்.