கல்லறைத் தோட்டத்தில் நீலப் புள்ளிகள்

1. வெட்டினால் சாகாது

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அதற்குப் பிறகு லாரியில் கிளீனர், திருப்பூரில் சாயப்பட்டறை, நீலகிரிக் காட்டில் உண்ணிச்செடி பிடுங்கும் கூலி. ஒரே ஊரில் இரண்டு மழைக்காலம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. பெங்களூரில் மட்டும் எப்படியோ தங்கிவிட்டேன். மர்பி டவுனில் ஒரு அறை, சிமெண்ட் ஷீட் கூரை. மழை பெய்தால் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டு தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வேலை கிடைத்தது ஒரு டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது. புதர் வெட்டும் காண்டிராக்ட் எடுக்கும் கோவிந்தப்பா மேஸ்திரி என் உள்ளங்கைக் காய்ப்பைப் பார்த்துவிட்டு, "காட்டு வேலை செஞ்ச கையா?" என்றார். ஆமாம் என்றேன். "நாளைக்கு பெளகே வா" என்றார், பாதி கன்னடத்தில். மறுநாள் காலையில், சுவர் எழுப்பிப் பல வருடம் பூட்டிக் கிடந்த ஒரு காலி சைட்டுக்குள் நின்றேன். உள்ளே சுபாபுல் மரங்கள் அடர்ந்து ஒரு சின்னக் காடாகவே இருந்தது. பனி இறங்கி நுனி இலைகள் தெரியவில்லை. நகரத்தின் நடுவில்தான் நிற்கிறேன் என்பதே மறந்துபோயிற்று.

கத்தியை எடுத்து வேகமாக வெட்டித் தள்ளினேன். மேஸ்திரி சிரித்தார்.

"வெட்டுனா அதுக்கு சந்தோஷம்பா. ஒண்ணு போன எடத்துல நாலு வரும். மருந்து யாரு தடவுவா, உங்க மாமனா?"

இந்தத் தொழிலில் களைக்கொல்லியை மருந்து என்றுதான் சொல்வோம். முறை இதுதான். தண்டைத் தரையோடு தரையாக வெட்ட வேண்டும். வெட்டிய உடனே பிரஷ்ஷால் மருந்து தடவ வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து தடவலாம் என்று விட்டால் வெட்டுவாய் காய்ந்துவிடும், மருந்து உள்ளே இறங்காது. முழுக்கப் பூசத் தேவையில்லை. பட்டைக்குச் சற்று உள்ளே, ஓரமாக ஒரு வளையம் போதும். மரம் உயிரோடு இருப்பது அந்த வளையத்தில்தான். அங்கே வைத்த மருந்தை மரமே வேர் வரைக்கும் எடுத்துப் போகும்.

மருந்தில் நீலச் சாயம் கலந்திருப்போம். எதைத் தடவினோம், எதை விட்டோம் என்று தெரிவதற்காக. நீலம் நகக்கண்ணில் ஏறினால் லேசில் போகாது. கிளவ்ஸ் கிழிந்தால் தோல் எரியும். கிளவ்ஸ் அடிக்கடி கிழியும்.

2. முன்னால் போகிறவன், பின்னால் வருகிறவன்

இரண்டு பேர் ஒரு ஜோடி. முன்னால் ஒருவன் வெட்டிக்கொண்டு போவான், பின்னால் ஒருவன் தடவிக்கொண்டு போவான். என் ஜோடி தஸ்தகீர். சிவாஜி நகர்க்காரன், வேலை செய்யும்போது முணுமுணுத்துப் பாடுவான். அவன் கத்தி வேகத்துக்கு என் பிரஷ் ஓடினால்தான் சரியாக வரும். அவன் வெட்டியதை இழுத்து ஓரம் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவான். குனிந்தபடி பின்னால் வரும் எனக்குத் தெரிவதெல்லாம் தரையில் வெள்ளையாக, ஈரமாக இருக்கும் வெட்டுவாய்கள் மட்டும். இலையை நான் பார்ப்பதே இல்லை. ஒரு தடவல், அடுத்த அடி, இன்னொரு தடவல். இரண்டு மணி நேரம் போனால் தூக்கத்தில் நடப்பதுபோல் ஆகிவிடும். கை வேலை செய்யும், மனம் எங்கோ போய்விடும். எனக்கு அது பிடித்திருந்தது.

3. கல்லறைத் திருநாளுக்கு முன்

அந்த வருடம் அக்டோபர் கடைசியில் ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்யும் வேலை வந்தது. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். குடும்பம் குடும்பமாக வந்து கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அதற்குள் பின்பக்கத்து உண்ணிப் புதரும் கல்லறைகளுக்கு நடுவில் முளைத்த சுபாபுல் கன்றுகளும் போக வேண்டும்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மரமல்லி மரம். அதன் நிழலில், வெளிப்பக்க நடைபாதையில், ஃபிலோமினாக்கா பூவும் மெழுகுவத்தியும் விற்பார். விவேக் நகரிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்துவிடுவார். மரமல்லி இரவில் பூத்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும். நாங்கள் போகும்போது தரை முழுக்க வெள்ளையாக இருக்கும். அதன் நீளக் காம்புகளையே ஒன்றுக்குள் ஒன்று பின்னி, நார் இல்லாமல் சரம் கட்டுவார். வாங்கி வந்த சாமந்தியும் ரோஜாவும் அந்த நிழலில்தான் மாலை வரை வாடாமல் இருக்கும். எதிர்ப்பக்கம் வெயிலில் கடை போட்ட இரண்டு பேர் ஒரே கோடையில் கடையை எடுத்துவிட்டுப் போய்விட்டார்களாம்.

அன்று காலையில் கேட் பக்கத்திலிருந்து ஆரம்பித்தோம். பனிக்குள் தஸ்தகீரின் பாட்டு மட்டும் முன்னால் போனது. நான் பின்னால் நீலம் வைத்துக்கொண்டே போனேன். பெயர் அழிந்த கல், சிலுவை, குழந்தைக் கல்லறை மேல் ஒரு பீங்கான் தேவதை. மரமல்லி வாசனை எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் பின்சுவர் மேல் ஏறி உட்கார்ந்தேன். வெயில் வந்திருந்தது. கண் பாதி மூடியபடி தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலிருந்து பார்க்க நீலப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. விதை விழுந்து முளைத்தால் அப்படித்தான் சிதறும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் புள்ளிகள் சிதறவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, கொஞ்சம் வளைந்து, கல்லறைகளுக்கு நடுவே நடந்து போனதுபோல் ஒரே கோடாகப் போயின. அந்தக் கோடு போய் முடிந்தது மரமல்லியின் அடியில்.

இறங்கி ஓடினேன். ஓரமாகத் தள்ளியிருந்த குவியலைக் கிளறினேன். சுபாபுல் இலைக்கு நடுவில் வேறு இலை இருந்தது.

"தஸ்தகீரு, இது என்னா இலை?"

வாங்கிப் பார்த்தான். மரத்தை நிமிர்ந்து பார்த்தான். "அரே" என்றான்.

மரமல்லி வேர் தூரமாக ஓடி, ஓடும் வழியெல்லாம் கன்று விடும். பார்க்கத் தனிச் செடி. அடியில் எல்லாம் ஒரே மரம். கன்றில் தடவிய மருந்து அதோடு நிற்காது, தாய் மரத்துக்குப் போகும்.

மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் பீடியை அணைக்காமல் கேட்டார்.

"மரம் நாளைக்கே சாகுதா? இல்ல. மெல்ல மெல்ல இலை கொட்டும். அதுக்குள்ள நாம எங்கியோ வேற சைட்ல இருப்போம். சும்னே இரு குரு." பெங்களூரில் எல்லாரும் எல்லாருக்கும் குருதான்.

"தோண்டி வேரைக் கத்தரிச்சா தடுக்கலாம் மேஸ்திரி. காலைலதான தடவுனோம்."

"திருநாளைக்கு ரெண்டு நாள் இருக்கு. நடுப்பாதைல குழி தோண்டுவியா? ஃபாதர் என்னைத்தான் கேப்பாரு, உன்னையில்ல."

அவர் சொன்னதும் பொய்யில்லை. நான் அங்கிருந்து நேராகக் கேட்டுக்குப் போனேன். ஃபிலோமினாக்கா சரம் கட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க மரத்துக்கு மருந்து போயிருக்கு. தெரியாம நடந்துபோச்சு."

நிமிர்ந்து என் நகக்கண்ணைப் பார்த்தார். "எந்த மருந்து? நீலமா?"

"ஆமாக்கா."

"அந்தக் கன்னுங்க எல்லாம் இதோட புள்ளைங்கதானப்பா. வருசா வருசம் வெட்டுவாங்க, மறுபடி வரும். வெட்டுறவங்களைப் பாத்திருக்கேன். வெஷம் வெச்சவங்கள இப்பதான் பாக்குறேன்."

பின்னால் வந்து நின்ற தஸ்தகீர், "பெரிய குடை ஒண்ணு போட்டுக் குடுக்குறேன்க்கா" என்றான்.

"உன் குடை பூ பூக்குமாடா?" என்றார். சரத்தைக் கூடையில் வைத்துவிட்டு எழுந்தார். "தோண்டுனா பொழைக்குமா?"

"பொழைக்கலாம். சொல்ல முடியாது."

"அப்ப தோண்டு. ஃபாதர்கிட்ட நான் பேசிக்கிறேன். திட்டுனா என்னைத் திட்டட்டும்."

அவரே மேஸ்திரியிடம் போய் நின்றார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. மேஸ்திரி கடப்பாரையைத் தானே எடுத்துக்கொண்டு வந்தார்.

மரத்துக்கு மிக அருகில் இருந்த நீலப் புள்ளிக்கும் மரத்துக்கும் இடையில் பாதையின் குறுக்கே தோண்டினோம். கட்டைவிரல் தடிமனில் இரண்டு வேர், மணிக்கட்டுத் தடிமனில் ஒன்று. அறுத்து, நடுவில் ஒரு முழம் துண்டு எடுத்துப் போட்டோம். பிறகு கோட்டின் போக்கிலேயே போய், நீலம் பட்ட கட்டைகளை வேரோடு கிளறி எடுத்தோம். வேர் ஒரு கல்லறையின் ஓரம் வரை வந்து, கல்லைத் தொடாமல் ஒதுங்கி, அடுத்ததைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. படுத்திருப்பவர்களிடம் வழி கேட்டுக் கேட்டுப் போனதுபோல் இருந்தது. நானும் அப்படித்தான் ஊர் ஊராகப் போயிருக்கிறேன் என்று தோன்றியது. சாயங்காலத்துக்குள் மண்ணை மூடி மிதித்துவிட்டோம். திருநாளன்று அந்த இடத்தின் மேல் ஜனங்கள் மெழுகுவத்தியோடு நடந்து போனார்கள்.

4. இலையோடு இருக்கும்போது பார்

அதற்குப் பிறகு நாங்கள் முறையை மாற்றிக்கொண்டோம். வெட்ட ஆரம்பிக்குமுன் தடவுகிறவன் தனியாக ஒரு சுற்று நடப்பான். செடி இலையோடு நிற்கும்போதே பார்ப்பான். சந்தேகமான கன்றுக்குச் சிவப்புத் துணி கட்டுவான். துணி கட்டியதை வெட்டினால் வெட்டுகிறவன் துணியைக் கட்டை மேலேயே போட்டுவிடுவான், அதற்கு மருந்து வைக்க மாட்டோம். மேஸ்திரி நேரம் வீணாகிறது என்று கொஞ்ச நாள் கத்தினார். பிறகு அவரே துணி கிழித்துக் கொடுத்தார். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: வெட்டுவாயை மட்டும் பார்த்துத் தடவாதே. அது எங்கே போய்ச் சேர்கிறது என்று முதலில் பார்.

அடுத்த கோடையில் அந்தப் பக்கம் போனேன். மரமல்லியில் கல்லறைப் பக்கத்துப் பெரிய கிளை மொட்டையாக நின்றது. அதற்குப் பக்கத்துக் கிளையில் தளிர் வந்திருந்தது, ஆனால் நூல்போல் ஒல்லியாக, மஞ்சளாக. மருந்து பட்ட மரத்தில் அப்படித்தான் வரும். கொஞ்சம் போய்ச் சேர்ந்துதான் இருக்கிறது. சாலைப் பக்கம் மட்டும் பச்சையாக இருந்தது.

ஃபிலோமினாக்கா சாக்கை மடித்து, மிச்சமிருந்த நிழலுக்குத் தள்ளி உட்கார்ந்திருந்தார். பாதிக் கூடை அதில் அடங்கவில்லை, வெளியே வெயிலில் இருந்தது. அதன் மேல் ஈரத்துணி போட்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும், "வா நீலக்காரா" என்றார். நான் மரத்தைச் சுற்றி வந்து, பட்டையைக் கீறிப் பார்த்தேன். ஓரிடத்தில் உள்ளே பச்சை, ஓரிடத்தில் பழுப்பு.

"மிச்சம் நிக்குமா?" என்றார்.

"ரெண்டு மழை போனாத்தான் தெரியும்க்கா."

ஈரத்துணியை எடுத்துப் பிழிந்து மறுபடி போட்டார். கூடையை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்து, எனக்கும் உட்கார இடம் விட்டார்.

"சரி, தெரியுற வரைக்கும் இங்கயேதான் உக்காந்திருப்பேன்" என்றார்.