ஸ்பேனர் பழகிய கை

திருச்செங்கோட்டு சிவபிரகாஷ் பதினெட்டு ஆண்டுகள் போர்வெல் போடும் ரிக் வண்டிகளில் ஓஸ் என்னும் காற்றுக் குழாய்களை மாட்டியவர். முதுகு போனபின் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறார். இப்போது ஒரே பெட்டிக்குள் இரண்டு கம்ப்யூட்டர்கள். இரண்டின் சூட்டையும் தணிக்கக் குழாய்களில் தண்ணீர் ஓட வேண்டும். இப்படி ஒன்று வேண்டுமென்று கேட்டவர் குமாரபாளையத்தில் சேலை டிசைன் போடுபவர். மாலையில் வருகிறார். இன்றும் கசிந்தால் வேறு கடைக்குப் போய்விடுவார்.

ஸ்பேனரால் இறுக்கியதில் குழாயின் மூன்றாவது பிளாஸ்டிக் இணைப்பும் விரிசல் விட்டது. மீதி ஒன்றுதான்.

"மறுபடியும் ஸ்பேனருங்களா? கையில திருகுனாப் போதும்னு நீங்கதானுங்க சொன்னீங்க," என்றாள் மனைவி சௌமியா.

"எனக்குத் தெரியுது சாமி, இந்தக் கைக்குத் தெரியலயே. ரிக்குல கொஞ்சம் லூசா உட்டாலும் ஓஸ் பிச்சுக்கிட்டு ஆளையே அடிச்சுரும்."

"இதென்ன போர்வெல்லுங்களா? நகருங்க."

அவள் இரண்டு விரல்களால் திருகினாள். அதுவரை அவர் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீரை ஓடவிட்டு அரைமணி நேரமாயிற்று. கசிவு தெரிய அடியில் விரித்திருந்த காகிதத்தை அவள்தான் குனிந்து பார்த்தாள்.

"காஞ்சே கெடக்குதுங்க," என்றாள்.