எக்ஸ்ரே பிலிமும் ஒற்றை ரிங்கும்

என் கணவரின் வலது கட்டைவிரலில் உணர்ச்சி இல்லை. அம்பத்தூர் சாலையில் வண்டியிலிருந்து விழுந்து, மணிக்கட்டில் பிளேட் வைத்ததிலிருந்து அப்படித்தான். சோறு பிசைவார், கையெழுத்துப் போடுவார். ஆனால் மெல்லிய பொருள் ஒன்று விரல்களுக்கு நடுவில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்பது கண்ணால் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும்.

அந்த விரலை நம்பித்தான் தன்னுடைய பழைய மாடல் விமான இன்ஜினுக்கு ரிங் மாற்ற உட்கார்ந்தார். உள்ளங்கையில் அடங்கிவிடும் இன்ஜின். எங்கள் இருவரையும்விட வயதானது. அதன் பிஸ்டன் ஐந்து ரூபாய் நாணயத்தின் அகலம்தான் இருக்கும். பிஸ்டனைச் சுற்றி ஒரு பள்ளம், பள்ளத்தில், ஓரிடத்தில் வெட்டு விட்ட ஒரே ஒரு இரும்பு ரிங். உள்ளே காற்றை அடைத்துப் பிடிப்பது அதுதான். அது தேய்ந்துபோனதால் இன்ஜின் கிளம்பவில்லை. இப்போது யாரும் அந்த ரிங்கைச் செய்வதில்லை. எங்கெங்கோ கேட்டு, தெரிந்தவர் ஒருவர் மூலம் இரண்டு வந்தன. முதலாவதை அவர் விரித்துப் பிஸ்டனில் ஏற்றும்போதே உடைந்துவிட்டது. வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது.

அதற்குப் பிறகு அவர் அந்த மேசைப்பக்கமே போகவில்லை. பாக்டரியில் அவருடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சேக்காட்டில் இருக்கிறார். குத்தம்பாக்கம் பக்கம் திறந்த வெளியில் இருவரும் சேர்ந்துதான் விமானம் விடுவார்கள். அவர் வீட்டு ஹாலில் கண்ணாடி அலமாரி உண்டு. ஓடாத இன்ஜின்களைத் துடைத்து அதில் அடுக்கி வைத்திருப்பார். இதையும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் என் கணவர். கூடவே, "ரெக்கை, ரிமோட்டு எல்லாத்தையும் எடுத்துகினு போயிடு மாமே" என்றார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கை போன பிறகு வாலிபாலை விட்டார், கேரம் விட்டார். இதையும் விட்டால் அவரிடம் மிச்சம் இருப்பது டிவி ரிமோட் மட்டும்தான்.

ஞாயிறு காலை, நண்பர் வருவதற்குள், நான் போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். நான் மேனாம்பேட்டில் வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைக்கிறவள்.

"இது இன்னா ஜாக்கெட்டுக்குக் கொக்கி வெக்கிற வேலையா? ஒட்ஞ்சா அவ்ளோதான். வேற இல்ல."

"ஒடையாட்டியும் அவருகிட்டதானே போகப்போவுது" என்றேன். அவர் மேசை விளக்கைப் போட்டார்.

ரிங்கை நேரடியாக விரிக்க எனக்குத் தைரியம் இல்லை. அவருடைய மணிக்கட்டு எக்ஸ்ரே பீரோ மேல் கிடந்தது. அதை நான்கு பட்டையாக வெட்டினேன். "அது என் கைடி" என்றார். பட்டைகளைப் பிஸ்டனைச் சுற்றி நிற்கவைத்து, அவற்றின் மேல் ரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கவிட்டுப் பள்ளத்துக்கு மேலே கொண்டுவந்தேன். பட்டைகளை ஒவ்வொன்றாக உருவியதும் ரிங் பள்ளத்தில் உட்கார்ந்தது. அவர் அப்போதுதான் மூச்சு விட்டார்.

ஆபத்து அதற்கப்புறம்தான். பள்ளத்துக்குள் எறும்புத் தலை அளவில் ஒரு பின் இருக்கிறது. ரிங்கின் இரண்டு முனைகளும் அந்தப் பின்னுக்கு இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். விலகினால், பிஸ்டனை மூடும் சிலிண்டரின் சுவரில் புகை வெளியேறும் துவாரத்தில் முனை மாட்டி முறிந்துவிடும். இதை அவர் பலமுறை சொல்லியிருந்தார். விளக்கெண்ணெய் தடவி, நகங்களால் ரிங்கை அழுத்திப் பிடித்து, மேலிருந்து சிலிண்டரை இறக்கினேன். பாதியில் நின்றுவிட்டது.

கண்ணாடி வளையல் விரல் முட்டியில் நின்றால் என்ன செய்வோம்? லேசாகத் திருகி ஏற்றுவோம். யோசிக்காமலே என் கை அப்படித் திருகப் போனது.

"திருப்பாத!"

அவர் போட்ட சத்தத்தில் கையை எடுத்துவிட்டேன். அவர் இன்னும் குனிந்து, நேரா, நேரா, மெதுவா என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருடைய மூச்சு என் கன்னத்தில் பட்டது.

"நீங்க வெளிய போய் நில்லுங்க" என்றேன்.

கல்யாணமானதிலிருந்து அவரிடம் நான் அப்படிச் சொன்னதில்லை. அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார். கேட்டருகில் அவர் முதுகு ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

சிலிண்டரை வந்த வழியே நேராக மேலே எடுத்தேன். ஒரு முனை பின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஊசியால் அதைத் தள்ளி இறக்கினேன். மறுபடி எண்ணெய், மறுபடி நகம். நேராக அழுத்தினேன். உள்ளே 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். சிலிண்டர் முழுக்க இறங்கிவிட்டது.

ரிங் ஒழுங்காக உட்கார்ந்த சத்தமா, உடைந்த சத்தமா? புகைத் துவாரத்தில் செல்போன் வெளிச்சத்தை அடித்து, பிஸ்டனை மெதுவாக ஏற்றிப் பார்த்தேன். ரிங்கின் சாம்பல் கோடு முறியாமல் கடந்து போனது. ஆனால் அந்தத் துவாரத்தில் ஒரு பக்கம்தான் தெரியும். மறுபக்கம் எனக்குத் தெரிய வழியில்லை. திருகுகளை முடுக்கும்போது கேட் திறக்கும் சத்தம் கேட்டது. நண்பர் வந்துவிட்டார். கையில் பஞ்சு வைத்த செருப்புப் பெட்டி.

நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். அங்கிருந்தே பார்த்தேன். என் கணவர் இன்ஜினை வைஸ் இடுக்கியில் கடித்துப் பிடிக்கவைத்தார், விமானத்தின் விசிறியை அதில் மாட்டினார். வலது கையை நீட்டவில்லை. இடது விரலால் ஒரு தட்டுத் தட்டினார். விசிறி பாதி சுற்றி, உதைத்தது போல் திரும்பி வந்தது. உள்ளே காற்று அடைபட்டால்தான் அப்படி உதைக்கும். அவர் நண்பரைப் பார்த்து, "நீ தட்டு" என்றார்.

நண்பர் தட்டினார். விசிறி அவர் விரலைத் திருப்பி அடித்தது. கையை உதறிக்கொண்டு, "இன்னா மாமே இது, செத்துப் போச்சுன்னு சொன்ன? யாரு போட்டது?" என்று கேட்டார்.

"ஊட்லதான்."

நண்பர் அடுக்களைப் பக்கம் திரும்பினார். நான் குழாயைத் திறந்துவிட்டேன்.

"சரி, பொட்டியாவது இங்கயே இருக்கட்டும். எப்படியும் அடுத்த வாரம் கூப்டுவ" என்றார் நண்பர்.

"பொட்டிய எட்த்துகினு போ" என்றார் என் கணவர்.

நண்பர் போன பிறகு மேசையைத் துடைக்கப் போனேன். எண்ணெய் பட்ட பிலிம் பட்டைகளைச் சுருட்டி எடுத்தபோது, என் கணவர் விசிறியைத் தட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"அத தூக்கிப் போட்ராத. இன்னோர் இன்ஜினு கீது."