கலைமணியும் பெரியவரும்

விடிந்ததும் கலைமணி வாசலில் குந்தி, வண்டிக்கு அடியில் விரித்து வைத்திருந்த அட்டையை இழுத்து வெளியே எடுக்கிறார். ஃபிரிட்ஜ் வந்த பெட்டியைக் கிழித்த அட்டை. அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். கறுப்புச் சொட்டு என்றால் ஆயில். இளஞ்சிவப்பு என்றால் என்ஜினைக் குளிர வைக்கும் கூலண்ட். நிறமில்லாத ஈரம் மட்டும் என்றால் ஏசி தண்ணீர், பயமில்லை. பார்த்து முடித்ததும், உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருக்கும் கணவர் மாதவராஜுக்குக் கேட்கும்படி குரல் கொடுக்கிறார்: "பெரியவருக்கு இன்னிக்கு ஒண்ணுமில்லைங்க. நல்லாத்தான் இருக்காரு."

பெரியவர் என்பது வண்டிதான். ஓசூரில் ஒரு முதலாளி வீட்டில் புதிதாக வந்து இறங்கி, அங்கிருந்து கை மாறி மாறி, மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு மொரப்பூருக்கு வந்து சேர்ந்த வெளிநாட்டு எஸ்யூவி. கறுப்பு நிறம், முன்னால் நின்றால் முகம் தெரியும். கலைமணி அப்போது பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பெரிய வண்டி வேண்டும் என்று சுற்று வட்டாரத்துக்காரர்கள் சேலம் வரை போய் அலைவதைப் பார்த்துத்தான் இதை வாங்கினார். "வயசானவருங்க. மரியாதையாத்தான் கூப்பிடணும்" என்று அன்றே பெயரும் வைத்துவிட்டார்.

வந்த முதல் மழையிலேயே கூரைக் கண்ணாடி வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியது. அடுத்ததாக பிளாஸ்டிக் குழாய் ஒன்று வெடித்து, மொரப்பூர் கடைவீதி நடுவில் புகை கக்கியபடி நின்றது. பழகிய மெக்கானிக்குகள் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, கோயில் கதவைச் சாத்துவது போல மெதுவாக மூடினார்கள். கம்பெனி சர்வீஸ் என்றால் பெங்களூருதான். சுமை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒருமுறை போய் வந்ததும், இனிமேல் இது ஆகாது என்று கலைமணிக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம்தான் அவரே ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.

அவருக்குப் பாடம் நடத்தியது ஒரு வெளிநாட்டுக்காரர். எந்த நாடு என்று கலைமணிக்குத் தெரியாது. பனி கொட்டும் ஊரில், கம்பளித் தொப்பி போட்ட ஒருவர் இதே வண்டியைப் பிரித்துப் பிரித்துக் காட்டும் வீடியோக்கள் போனில் கிடைத்தன. மொழி சுத்தமாகப் புரியாததால் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். "அவரு எந்த போல்ட்ட மொதல்ல தொடறாரு, எதைத் துணி போட்டு மூடறாருன்னு பாத்தா போதுங்க" என்பார். பழைய சாமான் வாங்க வேண்டுமென்றால், கெட்டுப்போன பாகத்தைத் துண்டில் சுற்றி, பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் பெங்களூருக்குக் கிளம்பிவிடுவார். கடைக்காரரிடம் பாகத்தின் பேர் சொல்லமாட்டார். துண்டைப் பிரித்து, "இதுக்கு அண்ணனோ தம்பியோ இருந்தா குடுங்க" என்பார்.

வண்டி ஓட்டும்போது பாட்டுப் போடுவதில்லை. கேட்டால், "பெரியவரு பேசறது காதுல வுழணுமுங்க" என்று சிரிப்பார். சிரித்தாலும் அது விளையாட்டுப் பேச்சில்லை. போன சித்திரையில் தொப்பூர் கணவாய் மேட்டில் நடந்ததே அதற்குச் சாட்சி.

அதியமான்கோட்டை சென்னப்பனின் மகள் பாரதிக்கு ஓமலூரில் கல்யாணம். முதல் நாள் மதியமே பெண்ணை அழைத்துப் போகவேண்டும். ராகு காலம் தொடங்குவதற்குள் மண்டபத்துக்குள் நுழைந்துவிட வேண்டும் என்பது பேச்சு. உறவுக்காரர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். பெரியவரில் பாரதியும் அவளுடைய அத்தையும் பின்னால், சென்னப்பன் முன்னால். டோல்கேட்டைத் தாண்டியதுமே கலைமணிக்கு ஸ்டீயரிங் வேறு மாதிரி இருந்தது. கொஞ்ச தூரத்தில் முன்பக்க இடது மூலை மெல்லத் தாழ்ந்தது. இந்த வண்டிக்கு இரும்புச் சுருள் கிடையாது. சக்கரத்துக்கு ஒன்றாக ரப்பர் பைகள், அவற்றில் அடைத்த காற்றின் மேல்தான் மொத்த வண்டியும் நிற்கிறது. அதில் ஒரு பை காற்றை விடுகிறது. முன்னால் கணவாய் இறக்கம்; லாரிகள் சூடான பிரேக் வாசனையோடு வரிசையாக இறங்கும் இடம்.

கலைமணி ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினார்.

"எதுக்கும்மா நிறுத்தறீங்க?" என்றார் சென்னப்பன்.

"ஒரு பக்கம் சாயுதுங்க. பாத்துட்டுத்தான் எறங்கணும்."

"எறக்கம்தானே. அதுபாட்டுக்கு உருண்டு போயிரும். ஓட்டுங்க."

"உருண்டுரும்னுதாங்க பயப்படறேன்."

சென்னப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. மணியைப் பார்த்தார், போனில் யாரிடமோ கத்தினார். அதே சூட்டில் இந்தப் பக்கம் திரும்பி, "பொம்பள ஓட்டற வண்டி வேணாம்னு அப்பவே சொன்னேன், வூட்டுல எவ கேட்டா" என்றார்.

கலைமணி இறங்கிப் பின்பக்கம் போனார். பின்கதவைத் திறந்து கருவிப் பையை எடுத்தவர், உடனே வரவில்லை. பைக்குள் கிடந்த ஸ்பேனர்களை ஒருமுறை வரிசையாக அடுக்கிவிட்டுத்தான் நகர்ந்தார். இப்படிப்பட்ட பேச்சு அவருக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு கல்யாணப் பெண் கேட்டுக்கொண்டிருக்கும்போது யாரும் சொன்னதில்லை.

பானட்டைத் தூக்கி, தண்ணீர் பாட்டிலில் ஒரு ஷாம்பூ பாக்கெட்டைக் கரைத்தார். கார் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பட்டுப்புடவையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு பாரதி பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்க உள்ள உக்காருங்க கண்ணு. வெயிலு."

"பரவாயில்லைக்கா. நான் ஊத்தறேன், நீங்க பாருங்க."

மருதாணிக் கை பாட்டிலைச் சாய்க்க, கலைமணி காற்றுப் பையின் தலையில் வந்து சேரும் சன்னமான கறுப்புக் குழாயின் மேல் முகத்தை வைத்துக் குனிந்தார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, குழாய் உள்ளே நுழையும் வாயில் சின்னச் சின்னதாய் நுரை கிளம்பிப் பெருத்தது.

"தோ பாருங்க, ஒளிஞ்சிருந்தவரு வர்றாரு" என்றார் கலைமணி.

பை கிழியவில்லை. குழாயின் நுனிதான் தேய்ந்து பிசிராகியிருந்தது. கழற்றி, பிளேடால் நக அகலத்துக்கு நேராக நறுக்கி, துடைத்து, மறுபடி உள்ளே அழுத்தி முடுக்கினார். என்ஜினைப் போட்டதும் எங்கோ அடியில் பம்பு முனகியது. படுத்த மாடு எழுவதுபோல் வண்டியின் இடது தோள் மெதுவாக உயர்ந்தது. இறங்கி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆச்சில்ல? ஏறுங்க, போலாம்" என்றார் சென்னப்பன்.

"இன்னும் இல்லைங்க. நிக்குதான்னு பாக்கணும். ஒரு டீ குடிங்க."

அவர் குடிக்கவில்லை. கலைமணி நிதானமாகக் குடித்தார். இன்னொரு முறை ஷாம்பூ தண்ணீர் ஊற்றி, நுரை கிளம்பவில்லை என்று பார்த்த பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தார். தாழ்ந்த கியரில், லாரிகளுக்குப் பின்னால், யாரையும் முந்தாமல் கணவாயை இறங்கினார்.

ஓமலூர் போய்ச் சேர்ந்தபோது ராகு காலம் தொடங்கிவிட்டது. பெண் கீழே கால் வைக்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட, மண்டப வாசலிலேயே வண்டிக்குள் காத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்று சென்னப்பன் பயந்தது நடக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா ஜன்னல் வழியாக மோர் கொடுத்தார். சின்னப் பெண்கள் "அக்கா, ஏசிக்கு வர்றோம்" என்று பின்சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறினார்கள். வெளியே வெயில் கொளுத்த, மாப்பிள்ளையும் மெல்ல வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டார். வழியில் நடந்ததை பாரதிதான் எல்லோருக்கும் சொன்னாள். சொல்லும்போதெல்லாம், "நான்தான் தண்ணி ஊத்துனேன்" என்பதையும் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும், மறுவீட்டு விருந்துக்கு ஏற்பாடு செய்ய சென்னப்பன் மட்டும் பெரியவரில் முதலில் ஊர் திரும்பினார். கணவாய் ஏறி, அந்த டீக்கடை வந்தபோது, "இங்கதானே நின்னோம்" என்றார்.

"ஆமாங்க."

சென்னப்பன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். மகளை விட்டுவிட்டு வருகிறவர். கலைமணி அந்தப் பக்கம் திரும்பாமல் ஓட்டினார்.

அதியமான்கோட்டையில் வீட்டு வாசல். சென்னப்பன் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே நீட்டினார். முட்டி வலிக்காரர், தரை எட்டவில்லை. நேற்றும் இன்றும் ஏற்றி இறக்க யாராவது கை கொடுத்திருந்தார்கள். இப்போது யாரும் இல்லை. மேல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, கேட்க மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கியருக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால், ஆட்கள் இறங்க வசதியாக வண்டி தானே தாழ்ந்து கொடுக்கும். தாழ்ந்து எழும் ஒவ்வொரு முறையும் பழைய பம்புக்குச் சிரமம் என்பதால், எந்த மாப்பிள்ளைக்காகவும் கலைமணி அதைத் தொட்டதில்லை. கண்ணைச் சாலையிலேயே வைத்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டி, சென்னப்பனின் செருப்பு மண்ணைத் தொடும்வரை அந்தப் பொத்தானை அமுக்கிப் பிடித்திருந்தார்.